எங்கள் ஊரில் லாப நோக்கமில்லாமல் நடக்கும் தொழில் வளர்ப்பு மையத்துக்குப் புதுப் பெயர், புது லோகோ வைக்க நினைக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?

காரைக்குடிப் பக்கம் இப்படி ஒரு மையத்தில் ஏழு வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். போன வருடம்தான் பெயர் மாற்றி முடித்தோம். நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

பழைய பெயரில் 'இன்குபேட்டர்' என்ற சொல் இருந்தது, தொழில் வளர்ப்பு மையத்துக்கான ஆங்கிலச் சொல். திட்ட அறிக்கை படிப்பவர்களுக்கு அது புரியும். சீப்புச் சீடை சுட்டு விற்க வழி கேட்டு கோட்டையூரிலிருந்து வந்த ஓர் அம்மா, போர்டைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டார். அவருக்கு இன்குபேட்டர் என்றால் ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளையை வைக்கும் கண்ணாடிப் பெட்டி. அவர் பேரன் அதில் பதினோரு நாள் இருந்திருக்கிறான். மூன்று மாதம் கழித்து வேறொருவர் கூட்டி வந்தபோதுதான் இது எங்களுக்கே தெரிந்தது. யாருக்காக நடத்துகிறோமோ அவரையே எங்கள் பெயர் திருப்பி அனுப்பியிருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

அதனால் டிசைனரிடம் போகுமுன் உங்களிடம் வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வீட்டில் 'எங்கே போகிறேன்' என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள்? எங்களுக்குக் கிடைத்த பதில்கள்: 'பாக்கெட் போடுற இடம்', 'மெஷின் இருக்கிற இடம்', 'பழைய அரிசி மில்லு'. ஒருவர்கூட எங்கள் பெயரைச் சொல்லவில்லை.

அப்புறம் பெயர் தேடினோம். எனக்குப் பிடித்தது 'கிட்டங்கி'. பர்மா, மலேயா, சிங்கப்பூரில் நகரத்தார் தொழில் செய்த கூடத்துக்கு அந்தப் பெயர். ஒரே நீளக் கூடத்தில் பல மார்க்காக்காரர்கள், அதாவது தனித்தனிக் கடைக்காரர்கள், பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு பாய் இடம், ஒரு கைப்பெட்டி. ராத்திரி அங்கேயே படுக்கை, சமையலும் பொது. பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி, ஒருநாள் கடைக்கு மேலாளாக உட்காருவான். பக்கத்துப் பாயில் இருப்பவரைப் பார்த்தே தொழில் பழகிய இடம் அது. நாங்கள் செய்ய நினைப்பதும் அதுதானே என்று வாதாடினேன்.

கூட்டத்தில் ஆத்தங்குடியிலிருந்து வந்த ஓர் அக்கா மறுத்தார். "அது வட்டிக் கடை வச்சவுக பேரு. எங்க தாத்தா அங்க கடன் வாங்குன பக்கம் நின்னவரு." எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் மையத்தில் ஓலையில் கொட்டான் முடைகிறவர்கள், கண்டாங்கி நெய்கிறவர்கள், கல் பதிக்கிறவர்கள் என்று பல சமூகத்தாரும் இருக்கிறார்கள். ஒரு சமூகத்தின் பெருமையை எல்லார் தலையிலும் எழுதக் கூடாது. சரி என்று விட்டுவிட்டோம். கடைசியில் ஊர்ப் பெயரோடு இரண்டு எளிய தமிழ்ச் சொற்கள். பெயரை இங்கே எழுதினால் விளம்பரமாகிவிடும், வேண்டாம்.

லோகோவிலும் அதே அக்காதான் வழி காட்டினார். டிசைனர் செட்டிநாட்டு வீட்டு முகப்பை வரைந்து கொண்டுவந்தார். இங்கே ஹோட்டல், மசாலாப் பாக்கெட், நகைக் கடை எல்லாவற்றிலும் அந்த முகப்புதான். "அது நாங்க வேலைக்குப் போற வீடு" என்றார் அக்கா. முகப்பை எடுத்துவிட்டு, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் ஒன்றின் பூவை வைத்தோம். கண்ணாடி மேல் அச்சு வைத்து, கையால் சாயம் ஊற்றி, சிமெண்ட் போட்டு, சூளையில் சுடாமலே காயவைக்கிற கல். இப்போது லோகோவே அவர் பட்டறையில் வார்த்த கல்லாக எங்கள் வாசல் சுவரில் இருக்கிறது. இந்தப் பெயர் மாற்றத்தில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அதுதான்.

இனி காகித வேலை. வெறும் 'செட்டிநாடு' போன்ற இடப்பெயரை வணிகச் சின்னமாகப் பதிவது கடினம், 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தடுக்கும். 'கண்டாங்கி'யையும் தொடவில்லை. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அந்தப் பெயர் நெசவாளர்களுடையது. எங்களுடையது 8ஆம் பிரிவுக் கம்பெனி, அதாவது கம்பெனிச் சட்டத்தின் அந்தப் பிரிவில் பதிந்த, லாப நோக்கமில்லாத கம்பெனி. பெயர் மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதற்கு நான்கில் மூன்று பங்கு ஓட்டு. பதிவாளர் புதுச் சான்றிதழ் தந்த பிறகுதான் பெயர் செல்லும். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் போர்டிலும் கடிதத்தாளிலும் பழைய பெயரைச் சேர்த்தே போட வேண்டும். அறக்கட்டளை என்றால் வழி வேறு, உங்கள் பத்திரத்தோடு ஆடிட்டரைப் பாருங்கள். எதுவானாலும் மையத்தின் நோக்கத்தில் கை வைத்தால், வருமான வரிப் பதிவுக்கு 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெயரோடு நோக்கத்தையும் சேர்த்துத் திருத்துகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

நாங்கள் செய்த தப்பு ஒன்று: பான் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் மாறுமுன்பே புதுப் பெயரில் அழைப்பிதழ் அடித்துவிட்டோம். நன்கொடைக் காசோலை ஒன்று புதுப் பெயரில் வந்து திரும்பிப் போனது. அந்தப் பணத்தில் வாங்க வேண்டிய இரண்டு தையல் மெஷின் ஒன்றரை மாதம் தள்ளிப்போனது. காத்திருந்தவர்கள் தீபாவளி ஆர்டரை இழந்தார்கள். வங்கி வேலை முடியும்வரை பழைய போர்டு தொங்கட்டும். போன் நம்பரை மட்டும் எப்போதும் மாற்றாதீர்கள்.