சாக்கடலில் மிதக்கலாம், ஷவர் கட்டணத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்

கேள்வி: வயது 48. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிப்ரைடு சாப்பிடுகிறேன். பாதம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது, குதிகாலில் வெடிப்பும் உண்டு. அடுத்த மாதம் ஜோர்டான் போகிறேன். செலவைக் குறைக்க, கட்டணக் கடற்கரைக்குப் போகாமல் சாலையோரத்தில் இறங்கிச் சாக்கடலில் மிதந்துவிட்டு வரலாமா? அதில் மூழ்கவே முடியாதாமே? வெடிப்புக்கும் அந்த நீர் நல்லது என்கிறார்களே?

பதில்: தாராளமாக மிதக்கலாம், சாலையோரத்தில் மட்டும் வேண்டாம். சாக்கடலின் நீர்மட்டம் ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் இறங்கிவருகிறது. அதனால் கரையோர நிலத்தடி உப்புப் படிவுகள் கரைந்து, ஆங்காங்கே தரை திடீரென்று உள்வாங்குகிறது. அங்கே உயிர்காப்பாளரும் இல்லை, குளிக்க நல்ல தண்ணீரும் இல்லை. ஓட்டலில் தங்காமல் அம்மானிலிருந்து ஒரு மணி நேரம் பயணம் செய்து போய், அன்றே திரும்புங்கள். அதில் காசு மிஞ்சும். ஷவர் உள்ள கடற்கரைக்கான கட்டணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

மூழ்க முடியாது என்பது பாதி உண்மைதான். அந்த நீரில் ஏறக்குறைய 34 சதவீதம் உப்பு, சாதாரணக் கடலைப் போலப் பத்து மடங்கு. அது நம்மை மேலே தூக்குவதால்தான், குப்புறப் புரண்டவர் கால் ஊன்றி எழ முடியாமல் தவிக்கிறார். முகம் நீருக்குள் இருக்க, வாய் வழியாக அது உள்ளே போகிறது. அதில் பெரும்பகுதி சமையல் உப்பு அல்ல, மெக்னீசியம் குளோரைடு, கால்சியமும் ஏராளம். சில மடக்கு விழுங்கினாலே ரத்தத்தில் இவை ஏறி, தசை தளர்ந்து, இதயத் துடிப்பு தடுமாறலாம். நுரையீரலுக்குள் போனால் அங்கும் புண்ணாக்கும். மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். எட்டு ஆண்டு சர்க்கரை என்பதால், கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் பரிசோதனைகளைக் கிளம்பும் முன்பே செய்துகொள்ளுங்கள். குறை இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

இறங்கும் முறை இது. இடுப்பளவு நீர் வரை மெல்ல நடங்கள். கரையைப் பார்த்துத் திரும்பி, நாற்காலியில் உட்காருவதுபோல் பின்னால் சாயுங்கள். கால்கள் தாமே மேலே வரும். எழும்போது முழங்கால்களை மார்போடு மடக்கி, கைகளால் நீரைக் கீழே அழுத்தி, பாதம் தரையைத் தொட்ட பிறகே நிமிருங்கள். குப்புற நீந்துவது, குதிப்பது, தண்ணீரை வாரியடிப்பது கூடவே கூடாது. 10 முதல் 15 நிமிடம் போதும். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள். கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் எரிச்சலில் கண் திறக்காது. அந்த உப்புக் கையால் தேய்க்காதீர்கள். கரையில் உடன் வருபவர் கையில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் இருக்கட்டும். உடனே ஊற்றிவிட்டு ஷவரில் 15 நிமிடம் கழுவுங்கள். சவரம் செய்வதை இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

எனக்கு அதிகம் கவலை உங்கள் பாதங்களைப் பற்றித்தான். கரைக் கற்களில் உப்பு, கண்ணாடிச் சில்லு போலப் படிந்து நிற்கும். உணர்ச்சி குறைந்த காலில் கிழித்தாலும் தெரியாது; கோடையில் கல் சுட்டாலும் தெரியாது. பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பை நீருக்குள்ளும் போட்டிருங்கள். வெடிப்பு ரத்தம் கசியும் அளவுக்கு ஆழமாக இருந்தால், ஆறும்வரை இறங்காதீர்கள். அந்த நீரும் வெயிலும் சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு உதவுவது உண்மை. அது வாரக் கணக்கில், மருத்துவர் மேற்பார்வையில் நடக்கும் சிகிச்சை. குதிகால் வெடிப்பு 15 நிமிடத்தில் ஆறாது. இப்போதிருந்தே இரவில் யூரியா கலந்த கிரீம் தடவுங்கள். குளித்த பின் விரல் இடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலைக் கைபேசி கேமராவில் பாருங்கள்.

செலவைக் குறைக்கக் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். கிளிமிப்ரைடு போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை சரியும். அந்த வியர்வையும் நடுக்கமும் வெயிலால் வந்தவை என்று நினைத்துவிடுவீர்கள். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும். குடிக்கத் தனியாக இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு துளி நாக்கில் பட்டால் துப்பி, வாய் கொப்பளித்தால் போதும். சில மடக்கு விழுங்கினாலோ, புரையேறி இருமல் நிற்காவிட்டாலோ, உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சாக்கடல் நீரை விழுங்கியதைச் சொல்லி, கால்சியம், மெக்னீசியம் அளவுகளையும் ஈசிஜியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.