சைக்காலஜி சேரும் முன் மகளுக்குப் பிடிபட வேண்டிய சொற்கள்

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு வணக்கம். மகள் சைக்காலஜிதான் படிப்பேன் என்று நிற்கிறாள், "பைத்தியம் பார்க்கிற படிப்பா" என்று சொந்தத்தில் கேட்கிறார்கள் என்று கவலைப்படுகிறீர்கள். அந்தப் பேச்சை விடுங்கள். பிள்ளைகள் இந்தப் படிப்பில் தடுமாறுவது வேறு இடத்தில். வீட்டில் நாம் புழங்கும் அதே சொல்லுக்குப் பாடத்தில் பொருள் வேறு. முதல் செமஸ்டரில் மார்க் போவது அங்கேதான்.

அதிகம் பேர் தப்பாக எழுதுவது 'எதிர்மறை வலுவூட்டல்'. எதிர்மறை என்றதும் தண்டனை என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே நேர், எதிர் என்பது நல்லது கெட்டது அல்ல, கூட்டல், கழித்தல். ஒன்றைக் கொடுத்தால் நேர், ஒன்றை எடுத்தால் எதிர். அதனால் ஒரு நடத்தை கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. "படி, படி" என்று நீங்கள் நச்சரிக்கிறீர்கள். அவள் புத்தகத்தை எடுத்ததும் நிறுத்துகிறீர்கள். நச்சரிப்பு நின்றதால் அடுத்த முறை சீக்கிரமே புத்தகத்தை எடுக்கிறாள் என்றால், அதுதான் எதிர்மறை வலுவூட்டல். ஊர் சுற்றியதற்காக செல்போனைப் பிடுங்கி வைத்து, சுற்றுவது குறைந்தால் அது எதிர்மறைத் தண்டனை. நாம் என்ன நினைத்துச் செய்தோம் என்பது கணக்கில் வராது, விளைவுதான் கணக்கு. திட்டத் திட்ட ஒரு பிள்ளையின் சேட்டை கூடுகிறதென்றால், அந்தத் திட்டே அவனுக்கு வலுவூட்டல்.

அடுத்தது புலன் உணர்வும் புலன்காட்சியும். காட்பாடி ஸ்டேஷனில் இந்தியில் அறிவிப்பு வருகிறது. இந்தி தெரிந்தவர் காதிலும் தெரியாதவர் காதிலும் விழுவது ஒரே ஒலி. அது புலன் உணர்வு. "நம்ம வண்டி இரண்டாவது பிளாட்பாரம்" என்று ஒருவருக்கு மட்டும் பொருள்படுகிறதே, அது புலன்காட்சி.

நாட்டம் (ஆப்டிட்யூட்) என்பது ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளும் திறன், மனப்பான்மை (ஆட்டிட்யூட்) என்பது அதைப் பற்றிய எண்ணம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒலியில் நெருங்கியிருப்பதால் ஆங்கில வழிப் பிள்ளைகள்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

ஐ.க்யூ. (நுண்ணறிவு ஈவு) 110 என்பது மார்க் அல்ல, மற்றவர்களோடு ஒப்பிட்டால் எங்கே இருக்கிறோம் என்று காட்டும் எண். இன்றைய டெஸ்ட்களில் பெரும்பாலும் சராசரி 100, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 15. நூற்றுக்கு சுமார் 68 பேர் 85க்கும் 115க்கும் நடுவில்தான் இருப்பார்கள். விரல்ரேகையை வைத்து மூளைத்திறனைச் சொல்கிறோம் என்று யாராவது வந்தால் பணம் கட்டாதீர்கள், அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது.

"ஒரே டிப்ரஷன்" என்று பிள்ளைகள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். நோயாகக் கணிக்க, மனநோய்களைக் கணிக்கப் பயன்படும் அமெரிக்க டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இரண்டு வாரம் தொடர்ந்து இருக்க வேண்டும். அதில் ஒன்று சோர்ந்த மனநிலையாகவோ எதிலும் ஆர்வமின்மையாகவோ இருக்க வேண்டும். அதைக் கணிப்பது பயிற்சி பெற்றவர் வேலை. மகளே அப்படி இருந்தால் புத்தகத்தைப் பார்க்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது.

படிக்கும் முறை: ஒரு நோட்டில் சொல்லுக்கு ஒரு பக்கம். மேலே வரையறை, அடுத்து எதோடு குழம்பும், பிறகு வீட்டிலிருந்தே ஒரு உதாரணம், கடைசியில் உதாரணம்போல் தோன்றும் ஆனால் உதாரணம் ஆகாத ஒன்று. அந்தக் கடைசி வரியை எழுத முடியாவிட்டால் சொல் இன்னும் புரியவில்லை என்று பொருள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். மறுநாளும் ஏழாம் நாளும் நோட்டை மூடிவிட்டு எழுதிப் பார்க்கட்டும்.

வேலைப் பெயர்களும் குழப்பம்தான். சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர், மருந்து எழுதுவார். சைக்காலஜிஸ்ட் சோதனைகள் வைப்பார், பேச்சு சிகிச்சை தருவார். பி.எஸ்சி. முடித்த உடனே யாரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. அதற்கு உரிய படிப்பும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவும் வேண்டும். தபால் வழியில், ஆன்லைனில் சேர்க்கலாம் என்றும் நினைக்காதீர்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து அந்த வழிகளில் சைக்காலஜி நடத்துவதை யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நிறுத்தச் சொல்லிவிட்டது. ரெகுலர் காலேஜ்தானா என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே ஃபீஸ் கட்டுங்கள்.