சிடி, ரெக்கார்டு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஸ்ட்ரீமிங்குக்கே மாறிவிடலாமா?

திருவனந்தபுரத்தில் சின்ன வாடகை வீட்டுக்குப் போகிறீர்கள், அப்பா சேர்த்த சிடியும் ரெக்கார்டும் இரண்டு அலமாரி நிறைய இருக்கிறது, எல்லாப் பாட்டும்தான் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறதே, கொடுத்துவிடலாமா, ஒலித்தரம் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாறுங்கள். ஆனால் முதலில் மாறி ஒரு வருஷம் கேட்டுப் பாருங்கள், கொடுப்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். நான் முதலில் கொடுத்தேன், பிறகுதான் தேடினேன், அதன் வருத்தம் இன்னும் போகவில்லை.

எங்கள் வீடு செங்கோட்டையில். 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர் என்பதாலோ என்னவோ அப்பாவின் அலமாரியும் இரண்டு மொழி பேசியது. மேல்தட்டில் தமிழ் சினிமாவின் 45 சுற்று சின்ன ரெக்கார்டுகளும் கச்சேரி எல்பிகளும், கீழ்த்தட்டில் மீட்டர் கேஜ் ரயிலில் புனலூர், கொல்லம் போய் அவர் வாங்கி வந்த மலையாளம், முக்கியமாக யேசுதாஸ் 1980இல் ஆரம்பித்த தரங்கிணியின் ஓணப் பாட்டுகள். அப்பா காலமான மறு வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, இதெல்லாம் போனிலேயே வருகிறது என்று சொல்லி அறுபது ரெக்கார்டைப் பழைய சாமான் எடுப்பவரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து அம்மா ஒரு கச்சேரியைக் கேட்டபோது தேடினால், அதே வித்வான் பாடிய அதே கீர்த்தனை இருக்கிறது, ஆனால் வேறு வருஷக் கச்சேரி, குரலும் வேறு வயது. அம்மா இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு "இது அது இல்லய்யா" என்று எழுந்து போய்விட்டார்.

சினிமாப் பாட்டில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது, ஆனாலும் கவனமாக இருங்கள். தேடினால் வேறு யாரோ பாடிய மறுபதிவு முதலில் வந்து நிற்கும், அல்லது முன்னிசையை வெட்டிப் போட்டிருப்பார்கள். கச்சேரி, பக்திப் பாட்டு, கதாகாலட்சேபம், ஓணப் பாட்டு இவைதான் அதிகம் விடுபடுகின்றன. விற்க நினைக்கிற ஒவ்வொரு தட்டையும் எடுத்து, பெயர் வருகிறதா என்று மட்டும் பார்க்காமல், போட்டுக் கேட்டு, பக்கவாத்தியக்காரர் பெயரையும் பாட்டின் நிமிஷத்தையும் அட்டையோடு ஒத்துப் பாருங்கள். இன்று இருக்கிற பாட்டு நாளை உரிமம் முடிந்து காணாமலும் போகலாம், என் பட்டியலிலேயே அப்படிச் சில பாட்டுகள் சாம்பல் நிறமாகிக் கிடக்கின்றன.

ஒலித்தரம் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் தகவல் ஓடும். ஸ்ட்ரீமிங்கில் 320 கிலோபிட் என்று வைத்தால் மணிக்குச் சுமார் 144 எம்பி டேட்டா ஆகும். மின்விசிறி ஓடுகிற கூடத்தில் எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. தரம் இழக்காத பதிவும் இப்போது கிடைக்கிறது, ஆப்பிள் மியூசிக் 2021இல் அதைக் கூடுதல் கட்டணம் இல்லாமலே தர ஆரம்பித்தது. ஆனால் அதை வாங்கி ப்ளூடூத்தில் போட்டால் வழியில் மறுபடி சுருக்கித்தான் அனுப்பும், அதோடு நடுவில் யாராவது போன் செய்தால் பாட்டும் நின்றுவிடும். வைஃபை வழியாகப் பாட்டை எடுத்து ஸ்பீக்கருக்குத் தருகிற கருவியை வாங்குங்கள். அதில் பெரும்பாலும் போன் வெறும் ரிமோட்தான், பாட்டை அந்தக் கருவியே நேராக இழுத்துக்கொள்ளும். அப்பாவின் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை மாற்றவே வேண்டாம், பின்னால் இருக்கிற ஆக்ஸ் துளையில் இந்தக் கருவியைச் செருகினால் போதும். நான் ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் மூட் ஆடியோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்தது சிடிகள். சந்தா கட்டினாலும் இவற்றைக் கணினிக்கு எடுத்துவிடுங்கள், எம்பி3 ஆக இல்லை, ஃப்ளாக் (FLAC) என்ற வகைக் கோப்பாக. சிடியில் இருப்பது ஒரு துளி குறையாமல் ஏறக்குறையப் பாதி இடத்தில் அடங்கிவிடும். என் 184 சிடியும் சேர்ந்து 70 ஜிபிக்குள் முடிந்தது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள், கீறல் உள்ள இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து எடுக்கும், சிடிக்குப் பத்து நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தைத் தின்றது அது இல்லை, பெயர் போடுவதுதான். ஆங்கிலப் பாட்டென்றால் பெயர் தானாக வரும், தமிழ் சிடிக்குப் பாதிக்கு மேல் வராது, வந்தாலும் இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதி நாலு பேராகக் காட்டும். நான் எல்லாவற்றையும் தமிழிலேயே, மலையாளப் பாட்டை மலையாள எழுத்திலேயே தட்டினேன். மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த வேலை, ஆனால் அந்த மூன்று மாதத்தில் அப்பா எந்த வருஷம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. அட்டையின் உள்பக்கம் வாங்கிய தேதியும் ஊரும் எழுதி வைத்திருந்தார், அதையும் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். நீங்களும் அட்டைகளைப் பிரித்துப் பாருங்கள்.

ரெக்கார்டு விஷயத்தில் அவசரம் உதவாது. எல்பியின் ஒவ்வொரு பக்கமும் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும், அதை அப்படியே உட்கார்ந்து கேட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். ஊசியிலிருந்து வரும் ஒலி ரொம்ப மெலிதாக, அடிநாதம் குறைத்து வெட்டப்பட்டதாக இருக்கும், அதனால் இடையில் அதைக் கூட்டிச் சரிசெய்கிற ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற சின்னக் கருவி வேண்டும், அது இல்லாமல் நேராகக் கணினியில் செருகிவிட்டு ரெக்கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். ஒடாசிட்டி என்ற கணினி மென்பொருளில் பதிவு செய்யலாம். பதியும் முன் சுத்தம் செய்யுங்கள். எங்கள் ஊர்ச் சாரலில் எல்லாவற்றிலும் பூஞ்சை பூத்திருந்தது, டிஸ்டில்டு வாட்டரில் கொஞ்சம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கலந்து, மென்மையான துணியால் தடத்தின் போக்கிலேயே துடைத்தேன். இது வினைலுக்கு மட்டும். 78 சுற்றுப் பழைய தட்டு இருந்தால் ஆல்கஹாலை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும். உங்கள் அலமாரியிலும் ஒன்றிரண்டு இருக்க வாய்ப்பிருக்கிறது.

இப்படி எடுத்ததை ஒரு பழைய மடிக்கணினியில் போட்டு, நாவிட்ரோம் என்ற மென்பொருள் வழியாக வீடு முழுக்கக் கேட்கிறோம், சந்தா கட்டிய ஸ்ட்ரீமிங் புதுப் பாட்டுக்கு. ஆனி, ஆடியில் மலையிலிருந்து வருகிற காற்றில் மரம் சாய்ந்து கேபிள் அறுந்தால் இங்கே இரண்டு நாள் இணையம் இருக்காது. அப்போதும் வீட்டுக்குள் இருக்கிற பாட்டு ஓடும். ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கை நம்பாதீர்கள், இரண்டாவது நகல் தம்பி வீட்டிலோ மாமா வீட்டிலோ இருக்கட்டும்.

அம்மாவுக்குத்தான் இந்த மாற்றம் கஷ்டமாக இருந்தது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அவர் பாட்டைப் பெயரால் தேடுகிறவர் இல்லை. "அந்தச் சிவப்பு அட்டை, ரெண்டாவது பக்கம்" என்றுதான் சொல்வார். போனில் தட்டித் தேடுவது அவருக்கு எட்டவில்லை, ஆறு மாதம் வீட்டில் பாட்டே இல்லாமல் இருந்தது, அதை நான் கவனிக்கவும் இல்லை. பிறகு மிச்சமிருந்த எல்லா அட்டைகளையும் போட்டோ எடுத்து ஆல்பத்தோடு சேர்த்து, ஒரு பழைய டேப்லெட்டை அவர் நாற்காலி பக்கத்தில் நிறுத்தி வைத்தேன். இப்போது படத்தைத் தொடுகிறார், பாட்டு வருகிறது. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் கேட்கிறார்கள் என்றால் இதை முதல் வாரமே செய்யுங்கள்.

ஒரு வருஷம் கழித்து, ஸ்ட்ரீமிங்கிலும் அதே பதிவு இருந்து, நீங்களும் ஃப்ளாக்காக எடுத்துவிட்ட சினிமா சிடிகளை வேண்டுமானால் இடத்துக்காக விட்டுவிடுங்கள். ரெக்கார்டுகளையும், எங்கும் கிடைக்காத கச்சேரி சிடிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டைப் படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் வளைந்துவிடும். பெட்டிக்குள் நுரை ஸ்பாஞ்ச் வைத்த சிடி தொகுப்புகள் இருந்தால் அவற்றை இன்றே திறந்து அந்த ஸ்பாஞ்சை வெளியே எடுங்கள். ஈரத்தில் அது இளகி சிடியில் ஒட்டிக்கொள்ளும், எனக்கு நாலு சிடி அப்படிப் போனது. திருவனந்தபுரத்தில் ஜூனில் மழை பிடித்துவிடும், அதற்குள் இந்த ஸ்பாஞ்ச் வேலையை முடித்துவிடுங்கள்.