வாசக்டமிக்குப் பின் தடிப்பு: காரணம் அறுவையா, மாத்திரையா?

கேள்வி: எனக்கு வயது 38. ஐந்து நாள்களுக்கு முன் வாசக்டமி (ஆண்களுக்கான கருத்தடை அறுவை) செய்துகொண்டேன். வலிக்கு ஒன்றும் கிருமித்தொற்று வராமலிருக்க ஒன்றுமாக இரண்டு மாத்திரைகள் கொடுத்தார்கள். மறுநாளே ஆணுறுப்பின் நுனியில் வட்டமான கருஞ்சிவப்புத் தடிப்பு தோன்றி எரிகிறது. முன்பு பல்வலிக்கு மாத்திரை சாப்பிட்டபோதும் அதே இடத்தில் வந்தது. அறுவையில் ஏதேனும் தவறு நேர்ந்துவிட்டதா?

பதில்: மாத்திரைகளை இப்போதே நிறுத்திவிட்டு, அவற்றின் அட்டைகளோடு இன்றோ நாளையோ மருத்துவரைப் பாருங்கள்.

வாசக்டமியில் கீறலோ துளையோ போடப்படுவது விதைப்பையின் தோலில்தான். நுனியில் தடிப்பு வர அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. முன்பு வந்த அதே இடத்திலேயே திரும்பவும் வந்திருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் முக்கியமான தடயம். ஒரு குறிப்பிட்ட மருந்தைச் சாப்பிடும்போதெல்லாம் உடலின் ஒரே இடத்தில், பெரும்பாலும் உதட்டிலோ பிறப்புறுப்பிலோ, தடிப்பை எழுப்பும் ஒவ்வாமை ஒன்று உண்டு. ஆறிய பிறகும் அங்கே கருமை தங்கிவிடும். ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன் போன்ற வலிநிவாரணிகளும், கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் இதற்குப் பேர்போனவை. நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும் என்றாலும், இதைப் பால்வினை நோய் என்று எண்ணிக் கணவனும் மனைவியும் வீணாக மனம் நோவதைத் தவிர்க்கவே இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

மரத்துப்போகப் போடும் லிக்னோகெயின் ஊசிக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. ஊசி போட்டதும் வியர்த்து மயங்குவது பெரும்பாலும் பயத்தால் நேர்வது. தோலைத் துடைக்கும் குளோர்ஹெக்சிடின், மருத்துவரின் லேடக்ஸ் கையுறை ஆகியவையும் சிலருக்கு ஒவ்வாதவை என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

உடம்பெங்கும் தடிப்பு, முகமோ நாக்கோ வீங்குதல், மூச்சுத்திணறல், தலைசுற்றல் ஆகியவை மருந்து உட்கொண்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தோன்றினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தொடையில் போடப்படும் அட்ரினலின் ஊசியே அப்போது உயிர்காக்கும் முதல் மருந்து. காய்ச்சலோடு வாய்ப்புண்ணும், கண் சிவப்பும், தோல் கொப்பளித்து உரிதலும் சில வாரங்கள் கழித்துக்கூட வரலாம். அவையும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாதவை.

சிக்கலில்லாத வாசக்டமிக்கு முன்தடுப்பாக ஆன்டிபயாடிக் வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. ஆகவே அந்த மாத்திரை உங்களுக்கு அவசியம்தானா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். காரணமான மருந்து எதுவென்று தெரிந்ததும், வணிகப் பெயரை அல்ல, மூலப்பெயரை எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்; ஒரே மருந்து பல பெயர்களில் விற்கப்படுகிறது.