உத்யம் பதிவை ரத்து செய்தால்தான் ஆர்டரா?

கேள்வி: திருப்பூரில் 20 மெஷின்களுடன் பவர் டேபிள் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் கூடம்) நடத்துகிறேன். தையல் கூலி கைக்கு வர நான்கு மாதமாகிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் வந்த பிறகு, உத்யம் பதிவை (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) ரத்து செய்தால்தான் ஆர்டர் என்கிறார் கம்பெனி முதலாளி. 6,000 ரூபாய் கொடுத்தால் பதிவை ‘வியாபாரி’ என்று மாற்றித் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: அந்த 6,000 ரூபாயை முதலில் பத்திரப்படுத்துங்கள். உத்யம் தளத்தில் பதிவுக்கும் திருத்தத்துக்கும் கட்டணமே இல்லை. அரசுத் தளம்போல ஜோடித்த இணையதளங்களில் பணத்தைக் கட்டிவிட்டு என்னிடம் வந்து நிற்பவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

அதைவிட மோசம் அந்த ‘வியாபாரி’ யோசனை. வாங்கி விற்பவர்களுக்கும் 2021 முதல் உத்யம் பதிவு உண்டு. ஆனால் அது வங்கியில் முன்னுரிமைக் கடன் வாங்க மட்டுமே. 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. நீங்கள் தைப்பவர். துணியும் நூலும் பட்டனும் கம்பெனியுடையவை என்றாலும் உங்கள் கூலி பில் சேவைக்கானது. சட்டம் உங்களுக்குப் பொருந்தும். வியாபாரி என்று எழுதினால் அது பொய்த் தகவல், மாட்டப்போவது ஆலோசகர் அல்ல.

முதலாளியின் பயமெல்லாம் மார்ச் 31-தான். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டியும் அன்று பாக்கி நிற்கும் தொகையை 2023-24 நிதியாண்டு முதல் அவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம். ஜூன் பில்லை அக்டோபரில் கொடுத்தால் அவருக்கு வரி ஏறாது. எனவே அவரிடம் இப்படிப் பேசுங்கள்: “பிப்ரவரி பாதிவரையிலான பில்களை மார்ச்சுக்குள் தீர்த்துவிடுங்கள், பிந்தியவற்றை 45 நாளில் கொடுங்கள். உங்களுக்கு வரி ஏறாது.” இதை எழுத்து ஒப்பந்தமாகவே போட்டுக்கொள்ளுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் கெடு 15 நாள்தான். 120 நாள் என்று எழுதினாலும் சட்டம் 45-க்கு மேல் ஏற்காது. அப்போதும் மறுத்தால், பாதி மெஷின்களையாவது வேறு கம்பெனி வேலைக்குத் திருப்புங்கள்.

தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதத்தை’ப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. முறையிட குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதி மன்றம் இருக்கிறது, 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. எனக்குத் தெரிந்த வழக்குகளில் அந்தக் கெடுவை யாரும் மதித்ததில்லை. போதாததற்கு, ஆர்டர் தருபவர்மீதே எவர் வழக்குப் போடுவார்? இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஒரு நாளாவது பவர் டேபிள் பக்கம் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

பண்டலை இறக்கும்போது டெலிவரி சலானில் வாட்ச்மேனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். ஸ்டோர் பொறுப்பாளரிடம், தேதியோடு வாங்குங்கள். நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.