தைராய்டு மாத்திரையால் மஞ்சள் காமாலை வருமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். வயது 36, நம்பியூர் பக்கம். கம்பெனி வேனில் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போகிறேன். படபடப்பும் கை நடுக்கமும் இருந்து, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்றார்கள். இரண்டு மாதமாகக் கார்பிமசோல் சாப்பிடுகிறேன். பத்து நாளாக உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது. காமாலை என்று அத்தை கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். மாத்திரையையும் விடவில்லை. சரிதானுங்களா டாக்டர்?

பதில்: இன்றைக்கு அந்த மாத்திரையைச் சாப்பிடாதீர்கள் அம்மா. நாளைக் காலையிலேயே அதை எழுதிக் கொடுத்த மருத்துவரைப் பாருங்கள்.

கார்பிமசோல் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை. அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரலில் பித்தநீர் வடிவதைத் தடுத்துவிடும். வடியாத பித்தம் ரத்தத்தில் கலப்பதால்தான் அரிப்பு, மஞ்சள் சிறுநீர், வெளுத்த மலம் எல்லாம். மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் இது அதிகம் வரும். உங்கள் இரண்டு மாதக் கணக்கு அதனோடு ஒத்துப்போகிறது. நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும், சில வாரமோ சில மாதமோ ஆகலாம்.

உங்கள் அத்தையின் அக்கறை எனக்குப் புரிகிறது. தண்ணீரால் வரும் வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். அதனால்தான் நம் ஊர்களில் பச்சிலைக்கும் பத்தியத்துக்கும் அவ்வளவு பேர். ஆனால் காமாலைக்குக் காரணம் மாத்திரை என்றால், அது தினமும் உள்ளே போகும்வரை எந்த மருந்தும் கேட்காது. பத்து நாள் போனதே எனக்குக் கவலை. கீழாநெல்லியையும் இப்போதைக்கு நிறுத்துங்கள்.

பிலிரூபின் (காமாலையின் அளவு), எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் அளவு), ரத்தம் உறையும் நேரம், வெள்ளை அணுக்கள், வைரஸ் காமாலை இவற்றுக்கான பரிசோதனைகள் வேண்டும். மாத்திரை தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனை செய்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள். தைராய்டு அதிகமாக இருப்பதே கல்லீரல் அளவுகளைக் கொஞ்சம் ஏற்றிவிடும்; பழைய அளவு தெரிந்தால்தான் மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பார்க்க முடியும். காமாலைக்குக் காரணம் மாத்திரைதான் என்று தெரிந்தால் இந்த மாத்திரை உங்களுக்கு வேண்டாம்.

அதற்குப் பதிலாக இன்னொரு மாத்திரை, புரொபைல்தயோயுராசில், இருக்கிறது. கல்லீரல் கெட்டிருக்கும்போது அதற்கு மாறுவது எனக்குச் சம்மதமில்லை. அது கல்லீரலைச் செயலிழக்கவே வைக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் கடுமையாக எச்சரித்தது.

மாத்திரையை நிறுத்திவிட்டுச் சும்மாவும் இருக்கக்கூடாது, படபடப்பு திரும்பி இதயத்தைப் படுத்தும். அதைத் தணிக்க வேறு மருந்து தருவார்கள். நிலையான தீர்வுக்குக் கதிரியக்க அயோடின் அல்லது அறுவை சிகிச்சை. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்போது அயோடின் தரக்கூடாது.

தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஈரோட்டுக்கோ கோவைக்கோ பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சலோடு தொண்டை வலி வந்தாலும் அப்படித்தான். இந்த மாத்திரை வெள்ளை அணுக்களையும் குறைக்கக்கூடியது. கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடாதீர்கள்.