சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை ஓட்டுங்கள்

கேள்வி: விக்கிரமசிங்கபுரம் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டு வந்ததிலிருந்து தினமும் இரண்டு மூன்று வீடியோ போடுகிறேன். பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் தெரியவில்லை. “டீச்சர் படம் காட்டியே காலத்த ஓட்டுதாவ” என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு. வீடியோவையே விட்டுவிடலாமா?
– ஓர் ஆசிரியை

பதில்: விட வேண்டாம், டீச்சர். ஸ்டாஃப் ரூம் பேச்சைத் தள்ளுங்கள். வெறும் சாக்பீஸோடு நான் பாடம் எடுத்த காலத்தில் “தொண்டை கிழியக் கத்தியே ஓட்டுதாரு” என்றார்கள். மூச்சு விடாமல் பார்க்கிறார்கள் என்கிறீர்களே, எனக்கு இடிப்பது அதுதான். பாடம் ஏறுகிற வகுப்பில் கொஞ்சம் சலசலப்பு இருக்கும்.

நானும் இதே தப்பைச் செய்தவன்தான். சேரன்மகாதேவி பக்கம் இருந்தபோது பத்தமடைப் பாய் பற்றி ஒரு வீடியோ போட்டேன். பாதியில் ஸ்பீக்கர் போய்விட்டது. நான் வயரை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன், படம் பாட்டுக்கு ஓடுகிறது. அதுவரை ‘உள்ளேன் ஐயா’ தவிர வாயே திறக்காத ஒரு பிள்ளை மூன்றாவது பெஞ்சிலிருந்து, “இப்ப கோரையக் கீறுதாவ சார். பெறவு ஆத்துத் தண்ணில ஊறப் போடுவாவ. எங்க உம்மாவும் இப்பிடித்தான் செய்வாவ” என்றது. எத்தனை நாள் ஊறணும், சாயம் எப்போ ஏத்துவாங்க என்று மற்றதுகள் அதைப் பிடித்துக்கொண்டன. நான் வயரை விட்டுவிட்டேன்.

அடுத்த மின்சுற்றுப் பாடத்தில் இப்படிச் செய்து பாருங்கள். போர்டை அணைத்துவிட்டு, “கோயில் கொடைக்குக் கட்டுற சீரியல் செட்ல ஒரு பல்பு போனா எல்லாமே அணையுதே, வீட்டுல ஒண்ணு போனா மத்தது ஏன் எரியுது?” என்று கேளுங்கள். ஆளுக்கொரு ஊகத்தை நோட்டில் எழுதட்டும். தப்பாக எழுதினால் திருத்தவே கூடாது. அப்புறம் இரண்டு பேட்டரிக்கட்டை, ரெண்டு டார்ச் பல்பு, வயர். அதைக் கையில் கொடுங்கள். வீட்டு பிளக் பக்கம் போகக் கூடாது என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லிவிடுங்கள்.

போர்டு அதற்குப் பிறகுதான். கொலராடோ பல்கலைக்கழகத்தார் 2002-இல் தொடங்கிய ஃபெட் (PhET) என்ற இலவசக் கணினிச் செயல்விளக்கங்கள் இருக்கின்றன. சில தமிழிலும் உண்டு. அதில் சுற்றைப் பிள்ளைகளே இணைக்கலாம், பல்பைப் பிடுங்கலாம். கம்பிக்குள் எலக்ட்ரான் நகர்வதைப் பொம்மையாகக் காட்டும். பேட்டரிக்கட்டையில் அதைப் பார்க்க முடியாதே, அதற்குத்தான் போர்டு. மலையடிவாரத்தில் டவரை நம்பாதீர்கள், வீட்டிலேயே இறக்கி பென்டிரைவில் கொண்டுபோங்கள்.

2018 முதல் வந்த புத்தகங்களில் கியூ.ஆர். கோடு இருக்கிறதல்லவா, அந்த வீடியோக்களையும் முதல்நாள் இரவே முழுசாகப் பார்த்துவிடுங்கள். வகுப்பில் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட விடாமல் நிறுத்தி, “அடுத்து என்ன ஆகும்?” என்று கேளுங்கள். இரண்டாம் தடவை சத்தமில்லாமல் ஓட்டி, பிள்ளைகளையே பேசச் சொல்லுங்கள்.

ஹெச்.எம். எட்டிப் பார்த்து, “சத்தமே வரலையே, ரிப்பேரா?” என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.